வெல்லம் படுக்கும் இடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மூணாம் டிவிஷன் லயத்துக்கு அந்த நாய் வந்த வருஷம், பனி தை முடிந்தும் போக மனமில்லாமல் மாசி வரைக்கும் உட்கார்ந்திருந்தது, கொழுந்தெல்லாம் கருகி வேலை பாதியாகக் குறைந்தது, அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில்தான் தோட்ட மேனேஜரான பழைய துரை மாற்றலாகிக் கீழே வெயில் ஊருக்குப் போனார், பீங்கான் தட்டுகளையும் கண்ணாடி விளக்குகளையும் வைக்கோலில் சுற்றி லாரியில் ஏற்றிய துரைசாணி, நாயை மட்டும் பங்களா சமையல்காரர் சூசைமாணிக்கத்தின் கையில் கொடுத்து, போகிற வீட்டில் நாய் வைக்க விடமாட்டார்களாம் என்று சொல்லி அழுதார். அது இத்தாலியன் கிரேஹவுண்ட் என்றும், வேட்டை நாய்ச் சாதியிலேயே ஆகச் சின்னது என்றும், இதற்குமேல் வளராது என்றும், ஓடுகிற எதைக் கண்டாலும் பின்னாலேயே ஓடிவிடும் என்பதால் வாரை விடக்கூடாது என்றும், கட்டிலிலிருந்து குதித்தால்கூடக் கால் முறியும் என்றும், எல்லாவற்றுக்கும் மேலாக அதற்குக் குளிரும் என்றும், அது எப்போதும் சூட்டைத் தேடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பெல்லா. எங்கள் வாய்க்கு அது வெல்லமாகிவிட்டது, நிறமும் அச்சு வெல்லத்தின் நிறம்தான் என்பதால் யாரும் திருத்தவில்லை.

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபோது எங்கள் பெற்றோர் வீட்டு வரிசைக்கு லயம், ஊற்றுத் தண்ணீர் விழுகிற குழாய்க்குப் பீலி, காலையில் பெயர் கொடுக்கக் கூடுவதற்குப் பிரட்டு என்று சில சொற்களையும் பெட்டியோடு தூக்கிவந்தார்கள், ஆனால் இப்படியொரு நாய்க்கான சொல் அவர்களிடம் இல்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது, வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது, நிற்கும்போது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட மாதிரி நடுங்கியது. துரை வீட்டில் பட்டினி போட்டே கொன்றிருப்பார்கள், பெரிய வீட்டுப் பவிசு அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டு, வீட்டுக்கு வீடு கருவாடும் தேங்காய் ரொட்டியும் ஊட்டி அதை மூன்று நாள் வாந்தி எடுக்க வைத்தோம். அது ஒல்லி இல்லை, அது அப்படித்தான் என்று சூசைமாணிக்கம் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்ன பிறகுதான் விட்டோம். யாரோ போய்ச் சொல்லி, லயத்தில் மான்குட்டி வளர்க்கிறார்கள் என்று வனத்துறைக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள், கம்பளியை விலக்கிப் பார்த்தால் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு நாய் அவர்களில் மூத்தவரின் கட்டைவிரலை நக்கியது, அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து லோடு ஏற்ற வந்த டிரைவர் மட்டும், எங்கள் ஊர்ச் சிப்பிப்பாறை நாய் மழையில் நனைந்து சுருங்கினால் இப்படித்தான் இருக்கும் என்றான். அது குரைக்காது. மழை பெய்தால் ஒன்றுக்குப் போகக்கூட வெளியே வராது, எங்கள் ஊரிலோ ஆனியில் தொடங்கினால் கார்த்திகை வரை மழை. யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் தன் பாரத்தையெல்லாம் அவர்கள்மேல் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு விடும், அப்படி ஒரு நாய் சாய்ந்தால் எழுந்து வேலைக்குப் போக யாருக்கும் மனசு வராது.

சூசைமாணிக்கத்தின் மனைவி லூர்தம்மா இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. பங்களாவில் அத்தனை பேருக்கும் சமைத்துவிட்டு வருகிறவர், தன் வீட்டு அடுப்பில் ஒரு ரசத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். நாய் வந்த முதல் சாயங்காலம், அது அறை முழுக்க மூக்கை வைத்துத் தேடியது, கட்டிலில் விரித்த கம்பளியை வேண்டாமென்றது, சாக்கை வேண்டாமென்றது, கடைசியில் அடுப்புக்கு இடதுபக்கம் வெறும் சிமெண்டுத் தரையில் மூன்று சுற்றுச் சுற்றிச் சுருண்டு படுத்துக் கண்ணை மூடியது. எங்கள் தரை எப்படிப்பட்டது என்றால் பச்சைக் குழந்தையைக் கீழே விட்டால் நீலம் பாரிக்கும். அவர் பதறிப்போய் நாயைத் தூக்கினார், தரையில் கை பட்டது, தரை சூடாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை, நாயின் சூடும் இல்லை, காய்ச்சல் இல்லாத ஒரு உடம்பின் சூடு. லூர்தம்மா காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற இடம் அது. சூசைமாணிக்கம், இங்கதான் இருக்கியா என்று கேட்டுவிட்டு, ரசத்துக்குப் புளி கரைக்கப் போனார்.

அந்தச் சூடு மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது, நாய் எழுந்து போன பிறகும் ஆறவில்லை. விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டுப் பார்வதம் நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள், அது நேராகப் போய் ஜன்னலடியில் அவளுடைய மாமியார் உட்கார்ந்து மருமகளைக் குறை சொன்ன இடத்தில் படுத்தது. எங்கள் குளிரில் இட்லி மாவு ஒரு நாளும் ஒழுங்காகப் புளித்ததில்லை. பார்வதம் மாவுச் சட்டியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தாள், காலையில் மாவு பொங்கி வழிந்தது, இருந்தவரைக்கும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத மனுஷி செத்தாவது உதவட்டும் என்றாள், சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அழுதாள். இன்னொரு வீட்டில், கண்டிச் சீமையிலேயே செத்து அங்கேயே புதைக்கப்பட்ட, எங்கள் மலையைக் கண்ணாலும் பார்க்காத ஒருவரைத் தேடினார்கள், நாய் பரணிலிருந்து இறக்கி வைத்த தகரப் பெட்டியின் மூடியில் ஏறிப் படுத்தது, கப்பலுக்கு டிக்கெட் கிடைக்காதவர் பெட்டியோடு பெட்டியாக வந்து சேர்ந்திருக்கிறார் என்று அந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

இப்படியே ஒவ்வொரு வீடாக அழைப்பு வந்து, அழைப்புக்கு ஒரு முறையும் வந்துவிட்டது. நாய் வருகிற நாளில் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, வேறு சூடு இருந்தால் அது ஏமாந்துபோகும் என்பது ஒரு காரணம், சாவு வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்பது இன்னொரு காரணம், எந்தக் காரணம் முதலில் வந்தது என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. வாசலில் சூசைமாணிக்கம் அதன் ஸ்வெட்டரைக் கழற்றுவார், குளிர்ந்தால்தானே தேடும். உள்ளே இருப்பவர்கள் பேசக் கூடாது. நாய் படுத்த பிறகு வீட்டில் மூத்தவர் முதலில் கை வைப்பார். கோயில் பூசாரி இதை ஆகாது என்றார், தேவாலயத்து உபதேசியார் இதை வேதத்தில் இல்லை என்றார், இருவரும் தங்கள் தங்கள் வீட்டுக்கு நாயை அழைத்துப்போய் வந்த பிறகு அந்தப் பேச்சை விட்டார்கள். புதுத் துரை சூசைமாணிக்கத்தின் வீட்டுக்கு வந்து குனிந்து தொட்டுப் பார்த்து, புகைபோக்கி வழியாக வருகிற சூடு என்று சொன்னார், அந்த அறையில் புகைபோக்கி இல்லை என்பதை மரியாதை கருதி யாரும் சொல்லவில்லை. செத்தவர்கள் பேசவில்லை, கனவில் வரவில்லை, எதையும் கேட்கவில்லை, அவரவர் இடத்தில் இருந்தார்கள், நாங்கள் அந்த இடத்தைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டோம்.

ஒரே ஒரு சந்தேகம் இருந்தது, அது தலைமுழுக்கைப் பற்றியது. எங்கள் சனத்தில் உயிரோடு இருக்கிற ஒருவரோடு உறவு வேண்டாமென்றால், அவர் செத்த மாதிரி நினைத்துப் பீலியடியில் நின்று தலை முழுகிவிடுவோம், அதன் பிறகு அவர் பெயரைச் சொல்வதில்லை. அப்படி முழுகப்பட்டவர்கள் நாயின் கணக்கில் செத்தவர்களா, உயிரோடிருப்பவர்களா? தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரர் கதிர்வேலு தன் தம்பியைச் சண்டையில் தலைமுழுகிப் பல வருஷம், தம்பி வயநாட்டுப் பக்கம் போனவன் போனவன்தான். கதிர்வேலு நாயை அழைத்துப்போனார். அது மூலைமூலையாகப் போய் மோந்தது, நடுங்கிக்கொண்டு திரும்பி வந்து சூசைமாணிக்கத்தின் கால்களுக்கு இடையில் நின்றுவிட்டது. என் முழுக்கு செல்லவில்லை என்று கதிர்வேலு சிரித்தார், சிரித்தாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்தச் சித்திரையில் தம்பி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து வாசலில் நின்றான். நாங்கள் ஊற்றுகிற தண்ணீருக்கு நாய் மசியாது, நிஜமாகப் போனவர்களைத்தான் அதற்குத் தெரியும் என்று லயத்துக்கு அன்றைக்கு உறுதியாயிற்று.

அது உறுதியான அன்றைக்கே மருதாயி தன் வீட்டு வாசலில் குறுக்கே ஒரு பலகையை வைத்து அடைத்தாள்.

மருதாயியின் மகள் நிரஞ்சலா, நாங்கள் நெரஞ்சி என்போம், பன்னிரண்டாவது முடித்ததும் கீழே ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனவள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கென்று மொத்தமாகக் கொடுப்பார்கள் என்று ஏஜெண்ட் சொன்னான், அப்பா வீரமலை சரியென்று அனுப்பினார். ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வந்தது. பிறகு ஒரு நாள் மில்லிலிருந்து போன் வந்தது, உங்கள் பெண் வேன் டிரைவர் எவனோடோ ஓடிவிட்டாள், பெட்டியை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீரமலை பெட்டியை எடுக்கப் போகவில்லை. மருதாயி காலைக் கட்டிக்கொண்டு, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாங்கள் என்று கெஞ்சியும் போகவில்லை. நேராகப் பீலிக்குப் போனார், மார்கழிக் காலை, தண்ணீர் ஊசியாகக் குத்துகிற நேரம், லயமே பார்க்கத் தலை முழுகினார், எனக்கு இனி ஒரே பிள்ளை, அது மகன் மட்டும்தான் என்றார். அவர் நல்ல மனுஷர்தான், அடுத்தவர் வம்புக்குப் போகாதவர், ஆனால் மானம் என்று வந்துவிட்டால் காது அடைத்துவிடும். அன்றிலிருந்து ஆறு வருஷமாக ஓடிப்போனவள் என்பதுதான் நெரஞ்சிக்குப் பெயர்.

மருதாயி மட்டும் மகளை உயிரோடு வைத்திருந்தாள். எங்கேயோ இருக்கிறாள், பிள்ளை பெற்றிருப்பாள், வெட்கப்பட்டுக்கொண்டு கூப்பிடாமல் இருக்கிறாள், ஒரு நாள் இடுப்பில் குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவாள் என்று சொல்லிச் சொல்லிக் கொழுந்து பறித்தாள். நாய் வந்த பிறகு அவளைப் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவை உள்ளே விட்டுத்தான் பாரேன் என்றோம், மனசு ஆறுமே என்றோம், அவரவர் வீட்டில் சூடு இருக்கிற தைரியத்தில் சொன்னோம். அவள் பலகையை இன்னும் ஒரு சாண் உயர்த்திக் கட்டினாள். வழியில் நாய் எதிரே வந்தால் தேயிலைக்குள் இறங்கி நடந்தாள். அதுவோ யாரையும் விடாமல் சாய்கிற நாய், ஒரு நாள் பிரட்டுக் களத்தில் அவள் கால்மேலும் சாய்ந்துவிட்டது, அவள் அதை உதைக்கவில்லை, அது தானாக எழுந்து போகும்வரை அசையாமல் நின்றாள், அதனால் அன்றைக்குப் பெயர் கொடுக்கத் தாமதமாகி அரைநாள் கூலி போயிற்று.

ஐப்பசியில் மகனுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் வீட்டார் லயத்துக்கு வந்து உட்கார்ந்து, முறுக்கும் தேநீரும் ஆன பிறகு, அக்கா ஓடிப்போன வீடு என்பது எங்களுக்கு ஒரு குறை இல்லை, இந்தக் காலத்தில் எங்குதான் நடக்கவில்லை, எங்கேயோ நன்றாக இருக்கட்டும், கல்யாணத்துக்கு மட்டும் வந்து நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று பெரிய மனசோடு சொன்னார்கள். வீரமலை, வரமாட்டாள் என்றார். எல்லோரும் மருதாயியைப் பார்த்தார்கள், அவளும் தலையாட்ட வேண்டியிருந்தது. அவள் தலை பாதி ஆடி நின்றுவிட்டது. தட்டை வைத்துவிட்டு எழுந்து மழையில் நடந்து சூசைமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனாள், அவர் நாய்க்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"அவள உசுரோட வெச்சுக்கணும்னா, பெத்தவள மறந்தவளுன்னு நானே ஒத்துக்கணும் சூசண்ணே," என்றாள். "ஞாயித்துக்கெழம தவறாமக் கூப்புட்ட புள்ள அது. நான் ஒத்துக்க மாட்டேன். நாயக் கூட்டிக்கிட்டு வாங்க."

வேண்டாம் தங்கச்சி, இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டுமே என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் அங்கேயே நின்றாள்.

மறுநாள் காலை மருதாயி வீட்டில் அடுப்பு எரியவில்லை. பலகையை அவளே பிரித்துப் போட்டாள். சுவரோரம் நெரஞ்சி படுக்கிற பாயை, ஆறு வருஷமாகச் சுருட்டிப் பரணில் கிடந்ததை, எடுத்து விரித்தாள், தலையணையை வைத்தாள். வீரமலை கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்றாலும் எழுந்து வெளியே போகவில்லை. மகன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் வாசலில் குடைக்குள் நின்றோம், பிரட்டுக்கு மணி அடித்தும் யாரும் போகவில்லை. சூசைமாணிக்கம் பச்சை ஸ்வெட்டரைக் கழற்றினார், நாய்க்கு உடம்பு முழுக்க நடுக்கம் ஓடியது, அது நீட்டிய விரல்களைப் போன்ற கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உள்ளே போனது.

அது பாயிடம் போனது. பாயை மோந்தது, தலையணையை மோந்தது, முன்காலால் ஒரு தடவை கீறியது. மருதாயி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். நாய் பாயை விட்டு இறங்கியது. வாசலில் இருந்த எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது, வீரமலைக்கும் வந்திருக்க வேண்டும், அவர் முகம் அப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பியது. நாய் அணைந்த அடுப்புக்குப் போனது, கட்டிலடிக்குப் போனது, மகனுடைய பழைய பள்ளிக்கூடப் பெஞ்சியடிக்குப் போனது, நடுக்கம் தாங்காமல் திரும்பி வருகிற மாதிரிக் கதவுப் பக்கம் வந்தது. சூசைமாணிக்கம் ஸ்வெட்டரோடு குனிந்துவிட்டார். அது அவர் கையைத் தாண்டிக் கதவுக்குப் பின்னால் போனது, துடைப்பமும் செருப்பும் கிடக்கிற அந்த இடுக்கில் மூன்று சுற்றுச் சுற்றியது, சுருண்டு படுத்தது, நடுக்கம் நின்று கண்ணை மூடியது.

அந்த இடத்தைப் பற்றி எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. வீரமலைக்குத் தெரியும், மருதாயிக்குத் தெரியும். மில்லுக்குப் புறப்படுகிற அன்று காலை நெரஞ்சி பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாளாம், போகமாட்டேன் என்று சொல்லவில்லையாம், பஸ் ஹாரன் கேட்டும் எழவில்லையாம், வீரமலைதான் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனாராம். இதை அவர்தான் பிற்பாடு எங்களுக்குச் சொன்னார்.

வீட்டில் மூத்தவர் முதலில் கை வைக்க வேண்டும் என்பது முறை. அவர் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார், நாயைத் தூக்கி மகனிடம் கொடுத்தார், குந்தி உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"நான் தலமுழுகுனேன்ல," என்றார். "அதனால இருக்கும். நாய் அத எடுத்துக்கிட்டிருக்கும். இல்ல கதிர்வேலு?"

எங்கள் பின்னால் நின்ற கதிர்வேலு குடையைத் தாழ்த்திக்கொண்டார். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் நாங்களும் சேர்ந்து சொல்லியிருப்போம், ஆனால் அவருடைய தம்பி அந்த வாரமும் வந்துவிட்டுப் போயிருந்தான். வீரமலை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், பிறகு தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டு, மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

மருதாயி அழவில்லை. அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் கையை வைத்தாள், புறங்கையை வைத்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரிக் கன்னத்தையும் வைத்தாள். செருப்புகளை எடுத்து வெளியே போட்டாள், துடைப்பத்தை வேறு மூலையில் சாத்தினாள், பாயைக் கொண்டுவந்து அந்த இடுக்கில் மடித்துப் போட்டாள். "ஆறு வருஷமா இந்தக் கதவத் தொறந்து தொறந்து அவ மேல இடிச்சிருக்கேனே," என்றாள். அதன் பிறகு வாசலைப் பார்த்து, எங்களைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "எம்புள்ள ஓடிப்போகல."

அன்றைக்கு எங்கள் டிவிஷனில் கொழுந்து பறிக்கவில்லை. முதல் பஸ்ஸில் மருதாயியும் வீரமலையும் ஏறினார்கள், அவர்களை அனுப்பிவிட்டு வரலாம் என்று வந்த நாங்களும் ஒருவர் பின் ஒருவராக ஏறிவிட்டோம், பஸ் கொள்ளாமல் இரண்டாவது பஸ்ஸிலும் ஏறினோம், சூசைமாணிக்கம் நாயைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுகள் இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போய் வெயில் வந்தது, எங்களுக்கு வியர்த்தது, நாய் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வெயில் அது, ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கியது. மில் இருக்கிற ஊரின் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாங்கள் இறங்கி நின்றபோது, இது என்ன கூட்டம், எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

ஒரு ஏட்டு பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். பெண்ணின் பெயர் கேட்டார், வயது கேட்டார், மில்லின் பெயர் கேட்டார், கேட்டதும் பேனாவை ஒரு நிமிஷம் மேஜைமேல் வைத்தார். பிறகு எடுத்தார். ஓடிப்போன கேஸா என்றார், வீரமலை இல்லை என்றார். சரி, பெண் காணாமல்போய் எத்தனை வருஷம் ஆகிறது, இத்தனை நாள் ஏன் வந்து சொல்லவில்லை என்று ஏட்டு கேட்டார்.

மருதாயி மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"காணாமப் போகலங்கய்யா," என்றாள். "எம்பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா. அவ ஒடம்ப எங்க போட்டாங்கன்னு மட்டும் அந்த மில்லுல கேட்டுச் சொல்லுங்க."